மண்மாரிக்கு அடியில் ஒரு தலைநகரம்

ஆரணியைத் தொட்டுக்கொண்டு போகும் கமண்டல நாகநதியில் வருஷத்தின் பெரும்பகுதி தண்ணீர் இருக்காது. மணலும் முட்புதரும்தான் தெரியும். பாலத்தின் மேல் பட்டுப் புடவைக் கட்டுகளோடு பறக்கிற மொபெட்டுகளும் நெல் மூட்டை லாரிகளும் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இந்த ஆற்றுப் படுகையைப் பிடித்துக்கொண்டே எதிர்த்திசையில் மேற்கே போனால் ஜவ்வாது மலை குறுக்கே வந்து நிற்கிறது. மலை இறங்கிய தண்ணீர் சமவெளியில் கால் வைக்கிற இடத்தில் இருக்கிறது படவேடு. கல்வெட்டுகளில் படைவீடு. சம்புவராயர்களின் தலைநகரம்.

ஆடி பிறந்துவிட்டால் ஆரணி, போளூர், வேலூர் பேருந்து நிலையங்களில் இந்த ஊர்ப் பெயரைக் கூவுகிற சத்தம் ஓயாது. ரேணுகாம்பாள் சந்நிதிக்கு மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாகக் கூட்டம் கிளம்பும். மொட்டை, பொங்கல், கூழ், அம்மன் தரிசனம், சாயங்காலம் திரும்பும் பேருந்தில் இடம் பிடிக்க ஒரு ஓட்டம். ஒரு காலத்தில் தொண்டை மண்டலத்தின் பெரும்பகுதியை ஆண்ட நகரத்தின் மேல் நின்றுதான் பொங்கல் வைத்தோம் என்பது திரும்பி வருகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாததில் அவர்கள் தவறு ஒன்றும் இல்லை. அந்த நகரத்தைக் கண்ணால் பார்க்க அங்கே ஒரு தெருகூட இல்லை.

19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் தொகுத்த விவரச்சுவடிகள் இந்த இடத்தை வியப்போடு குறித்து வைத்திருக்கின்றன. சுற்றளவு 16 மைல், உள்ளே கோயில்களும் சத்திரங்களும் பெரிய மாளிகைகளும் நிறைந்திருந்தன, இப்போது காடு மூடிக் கிடக்கிறது என்கிற மாதிரி. நகரம் எப்படி அழிந்தது என்பதற்கு ஊரார் சொன்னதையும் அப்படியே எழுதிக்கொண்டார்கள்: மண்ணும் கல்லும் மழையாகக் கொட்டி ஊரை மூடிவிட்டன. இன்றைக்கும் படவேட்டுப் பக்கம் பெரியவர்கள் வாயில் இருப்பது 'மண்மாரி' என்கிற அதே சொல்தான். அந்தச் சுவடிகள் ஒரு விஷயத்தில் சறுக்கின. இதைக் குறும்பர்களின் தலைநகரம் என்று எழுதிவிட்டன. கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டு அச்சேறிய பிறகுதான் சம்புவராயர்கள் மேடைக்கு வந்தார்கள்.

செங்கேணி, அம்மையப்பன் என்பவை இந்தக் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த பெயர்கள். முதலில் சோழர்களுக்கு அடங்கிய குறுநிலத் தலைவர்கள். அவர்களில் எதிரிலிசோழச் சம்புவராயன் என்பவனைக் காஞ்சிபுரம் அருகே ஆர்ப்பாக்கம் கல்வெட்டில் சந்திக்கலாம். இரண்டாம் ராஜாதிராஜன் காலம். பாண்டியர் அரியணைச் சண்டையில் தலையிட்ட இலங்கைப் படை ஊர் ஊராக முன்னேறி வருகிறது. எதிர்க்கப் போன சோழப் படையில் சம்புவராயனின் மகனும் இருக்கிறான். தகப்பன் நிலைகொள்ளாமல் உமாபதிதேவர் என்கிற சைவப் பெரியவரிடம் ஓடுகிறான். அவர் 28 நாள் இடைவிடாமல் சிவபூசை செய்கிறார். இலங்கைப் படை பின்வாங்கிய செய்தி வருகிறது. நன்றிக்கடனாக ஆர்ப்பாக்கம் கிராமமே அவருக்குத் தானமாகப் போகிறது. ராஜதந்திரம், போர், பக்தி எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு அப்பனின் வயிற்றுக் கலக்கம் கல்லில் ஏறியிருப்பது அபூர்வம்தான்.

சோழர் கை தளர்ந்த 13ஆம் நூற்றாண்டில் சம்புவராயர்கள் தலை நிமிர்ந்தார்கள். ராஜகம்பீரச் சம்புவராயன் பெயரால் படவேட்டு மலைக்கோட்டை ராஜகம்பீரன் மலை ஆயிற்று. நாடு ராஜகம்பீர ராஜ்ஜியம் ஆயிற்று. அவன் காலத்து 1258ஆம் ஆண்டுக் கல்வெட்டு படவேட்டு அம்மையப்பேஸ்வரர் கோயிலில் இருக்கிறது. 1311இல் மாலிக் காபூர் படையெடுப்புக்குப் பிறகு தெற்கே எல்லாம் குலைந்து கிடந்த நேரத்தில் வென்றுமண்கொண்டானும், அவனுக்குப் பின் ராஜநாராயணனும் 'சகலலோகச் சக்கரவர்த்தி' என்று பட்டம் போட்டுக்கொண்டு தனியரசு நடத்தினார்கள். பட்டம் கொஞ்சம் அதிகம்தான். பாலாற்றுக்கும் தென்பெண்ணைக்கும் நடுவில் ஆண்டவர்களுக்கு உலகம் முழுதும் சொந்தமானது ஏட்டளவில். ஆனாலும் மதுரையில் சுல்தான்கள், மேற்கே விஜயநகரம் என்று இரண்டு பெரிய சக்திகள் வளர்ந்த காலத்தில், நடுவே ஒரு தமிழ் அரசு சில பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தது சின்ன விஷயமில்லை.

முடிவு விஜயநகர இளவரசன் குமார கம்பணன் ரூபத்தில் 1360களை ஒட்டி வந்தது. அந்தப் படையெடுப்பைப் பாடியவள் அவன் மனைவி கங்காதேவி. அவளுடைய 'மதுராவிஜயம்' என்ற சமஸ்கிருத காவியத்தின் சுவடி 1916இல் திருவனந்தபுரத்தில் கிடைத்தது. பாலாற்றங்கரை விரிஞ்சிபுரத்தில் பாசறை, சம்பனோடு போர், அவன் ராஜகம்பீரக் கோட்டைக்குள் புகுதல், முற்றுகை, ஒற்றைக்கு ஒற்றைச் சண்டை என்று காவியம் விறுவிறுவென ஓடுகிறது. சம்பன் என்று அவள் சொல்வது சம்புவராயனை. ஜெயித்தவன் பெண்டாட்டி எழுதிய சரித்திரம் என்பதை மறக்காமல் படித்தால் ரசிக்கலாம்.

தோற்ற தலைநகரம் உடனே செத்துவிடவில்லை. படைவீட்டு ராஜ்ஜியம் என்று விஜயநகரத்தின் ஒரு மாகாணத்துக்கே அது பெயர் கொடுத்தது. இன்றைய ஆரணி வட்டாரமும் அந்த மாகாணத்துக்குள்தான் இருந்தது. இந்த மாகாணம் விட்டுப்போன ஆவணங்களில் ஒன்று, தமிழ்நாட்டுச் சமூக வரலாறு எழுதுகிற யாரும் தாண்டிப் போக முடியாத கல்வெட்டு. விரிஞ்சிபுரம் கோயிலில் இருக்கிறது. ஆண்டு 1425, தேவராயர் ஆட்சி. படைவீட்டு ராஜ்ஜியத்துப் பிராமணர்கள் - கன்னடியர், தமிழர், தெலுங்கர், இலாளர் என்று நான்கு பிரிவாரும் - கூடி ஓர் ஒப்பந்தம் எழுதுகிறார்கள். இனிமேல் கல்யாணம் கன்னிகாதானமாகத்தான் நடக்க வேண்டும். பெண்ணுக்குப் பொன் வாங்குகிறவனும் குற்றவாளி, பொன் கொடுத்துப் பெண் எடுக்கிறவனும் குற்றவாளி. இருவரும் அரச தண்டனைக்கு உட்படுவார்கள், சாதியிலிருந்தும் தள்ளிவைக்கப்படுவார்கள். அறுநூறு வருஷத்துக்கு முன் பணம் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது, அதைத்தான் தடுக்க வேண்டியிருந்தது என்று தெரியும்போது இன்றைய கல்யாணப் பேச்சுகளைக் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும்.

அப்புறம் வேலூரில் கருங்கல் கோட்டை எழுந்தது. அதிகாரம், வியாபாரம், கூட்டம் எல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்தன. படவேட்டில் ஆள் குறைந்தது.

மண்மாரிக்கு வருவோம். வானத்திலிருந்து மண் பெய்ய வேண்டிய அவசியம் இல்லை. செங்குத்தான மலையிலிருந்து இறங்குகிற காட்டாறு சரிவு குறைகிற இடத்தில் வேகத்தை இழக்கும். வேகம் போனதும் சுமந்து வந்த மணலையும் கூழாங்கல்லையும் அங்கேயே இறக்கிவிடும். அடுத்த வெள்ளத்துக்குப் பழைய வழி அடைத்திருக்கும். ஆறு பக்கவாட்டில் புது வழி தேடும். அங்கேயும் மண் தட்டும். மலை வாயில் உட்கார்ந்த எந்த ஊருக்கும் இந்த ஆபத்து உண்டு. ஜனம் நிறைய இருக்கிற வரைக்கும் கரை கட்டுவார்கள், வாய்க்கால் தூர் வாருவார்கள், வாசலில் சேர்ந்த மண்ணை அள்ளிப் போடுவார்கள். அள்ள ஆளில்லாமல் போன ஊரை மண் மூடுவதற்கு இரண்டு மூன்று பெருவெள்ளம் போதும். இன்று அந்த ஆற்றுக்கு மேலே செண்பகத்தோப்பு அணை நிற்கிறது. சம்புவராயர்களுக்கு அது இல்லை.

இப்படி மண்ணுக்குள் போன ஊர் படவேடு மட்டும் இல்லை. தெற்கு பிரான்ஸில் செயின்ட் ரெமி என்கிற சிற்றூருக்கு வெளியே, அல்பீ மலையடிவாரத்தில் கிளானம் என்று ஒரு ஊர் இருந்தது. பிரான்ஸுக்கு அப்போது 'கால்' (Gaul) என்று பெயர். ரோமாபுரி அதைப் பிடிப்பதற்கு முன்பே உள்ளூர் மக்கள் அங்கே ஓர் ஊற்றைக் கும்பிட்டு வந்தார்கள். ஊற்றுக்கு கிளானிஸ் என்று தெய்வம், கூடவே தாய்த் தெய்வங்கள். நோய் தீர வந்து நீராடிப் போவார்கள். ரோமர்கள் வந்தபின் சந்தைச் சதுக்கம், வெந்நீர்க் குளியல் கட்டடம், கல் பாவிய தெரு, ஆரோக்கியத்தின் தேவதைக்கு ஒரு கோயில் என்று ஊர் பெருத்தது. கி.பி. 260 வாக்கில் வடக்கேயிருந்து வந்த படையெடுப்பில் அடிபட்டு, ஜனங்கள் பக்கத்தில் புது ஊர் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சாக்கடைகளைச் சுத்தம் செய்ய ஆளில்லை. மலையிலிருந்து வழிந்த வண்டல் வருஷம் வருஷமாக இறங்கி ஊரை முழுங்கிவிட்டது. நகர வாசலுக்கு வெளியே இருந்த ஒரு வளைவும் ஒரு நினைவுக் கோபுரமும் மட்டும் மண்ணுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்தன. 1889, 90இல் ஓவியர் வான்கோ மனநலம் தேறுவதற்காகத் தங்கியிருந்த மடம் அதற்குக் கூப்பிடு தூரம். அவர் அந்த வட்டாரத்து ஆலிவ் தோப்புகளைத் திரும்பத் திரும்ப வரைந்தார். பக்கத்தில் ஒரு நகரம் புதைந்து கிடந்தது அவருக்குத் தெரிய வழியில்லை. முறையான அகழாய்வு தொடங்கியது 1921இல்தான். அடுத்த பல பத்தாண்டுகள் தோண்டினார்கள்.

இன்றைக்கு அங்கே நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு போனால் நடுத்தெருவில் நடக்கலாம். காலடியில் கல் மூடிய சாக்கடை ஓடுகிறது. இந்தப் பக்கம் தூண் முற்றம் வைத்த பணக்கார வீடு, அந்தப் பக்கம் சந்தை, கொஞ்சம் மேலே ஊற்றுக்கு இறங்கும் படிக்கட்டு. ஒரு குடும்பம் எங்கே சமைத்தது, மழைத் தண்ணீரை எங்கே பிடித்தது என்பதுவரை தெரிகிறது. ஆனால் கிளானிஸுக்கும் அந்தத் தாய்மாருக்கும் விளக்கேற்ற ஒருவரும் இல்லை.

படவேட்டில் நிலைமை அப்படியே தலைகீழ். அங்கே ஆற்றோரத் தாய் ரேணுகாம்பாளுக்கு வேலைப்பளு அதிகம். ஜமதக்னி முனிவர், தலை துண்டிக்கப்பட்ட ரேணுகை, பரசுராமன் என்று புராணம் முழுவதையும் ஊர் தன் மண்ணோடு கட்டிவைத்திருக்கிறது. சாமிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்துவிட்டன. ஊர்தான் இன்னும் வரவில்லை.

சாமிகள் வெளிவந்த கதை அண்மைக் காலத்தது. மணலும் புதரும் மூடிக் கிடந்த கோயில்களைக் கடந்த முப்பது ஆண்டுகளில் ஒவ்வொன்றாகத் துப்புரவு செய்து திருப்பணி முடித்தார்கள். வட்டாரத்தில் கிராம மேம்பாட்டுப் பணி செய்துவரும் டி.வி.எஸ். குழுமத்துக்கு இதில் பெரும் பங்கு. அம்மையப்பேஸ்வரர், கோதண்டராமர், மலை மேல் லட்சுமி நரசிம்மர், சின்னக் குன்றில் முருகன், கோட்டை மலை உச்சியில் வேணுகோபாலர் என்று இன்று பட்டியல் நீளம். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஓட்டமும் நடையுமாகப் பார்த்தால் ஒன்றும் மனதில் தங்காது. ஒன்றே ஒன்று பார்க்க நேரம் உண்டு என்றால் யோக ராமச்சந்திரரிடம் போவது நல்லது.

வில் இல்லாத ராமன் அங்கே. பத்துத் தலைகளை உருட்டியவன் என்பதற்கு அடையாளமே கிடையாது. கால் மடக்கி, கண் மூடி, வலக்கை விரல்களைச் சின்முத்திரையில் நெஞ்சோடு சேர்த்து உட்கார்ந்திருக்கிறான். சீதையும் லட்சுமணனும் பக்கத்தில். எதிரே அனுமன், அவனும் தரையில் உட்கார்ந்து கையில் ஓலைச்சுவடியைப் பிரித்து வாசிக்கிறான். கோதண்டம் இல்லை, கைகட்டி நிற்கும் சேவகனும் இல்லை. ஒருவர் படிக்க ஒருவர் கேட்கிறார், அவ்வளவுதான். சேத்துப்பட்டுக்கு அருகே நெடுங்குணத்திலும் ராமன் இப்படி யோகத்தில்தான் இருக்கிறான். இந்த வட்டாரத்து ராம பக்திக்கு ஒரு தனி வாசனை இருந்திருக்கிறது.

திருப்பணி நடந்தது நல்ல காரியம். அது இல்லாவிட்டால் கல் கல்லாகப் பெயர்ந்து யார் யார் வீட்டு வாசற்படியாகவோ போயிருக்கும். ஆனால் கோயிலை மீட்பது வேறு, நகரத்தைத் தோண்டுவது வேறு. கோயிலை மீட்கிறவருக்கு மண் என்பது அள்ளி வெளியே போட வேண்டிய இடைஞ்சல். அகழாய்வாளருக்கு அந்த மண்தான் ஏடு. எந்த அடுக்கில் எந்தப் பானை ஓடு, எந்தக் காசு, எந்தச் சாம்பல் என்று சாண் சாணாகப் படித்துக்கொண்டு இறங்குவார். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1992-93இல் படவேட்டில் ஒரு பருவம் அகழாய்வு செய்தது. கீழடியில் 2014 முடிந்து தொடங்கிய வேலை பருவம் மேல் பருவமாக நீண்டு, ஒரு கிராமத்தின் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனதோடு ஒப்பிட்டால், பதினாறு மைல் என்று பேர் வாங்கிய நகரத்துக்கு அது போதாது. சங்க காலத்துக்குக் கிடைக்கிற கவனம் 14ஆம் நூற்றாண்டுக்குக் கிடைப்பதில்லை. பழமையில் யார் மூத்தவர் என்கிற போட்டியில் சம்புவராயர்கள் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டுவிட்டார்கள்.

ஆரணிக்காரர்களுக்கு இதில் சொந்தமாகவே ஒரு அக்கறை இருக்க வேண்டும். புவிசார் குறியீடு வாங்கிய ஆரணிப் பட்டின் தறிச் சத்தம் இன்றும் ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் என்று சுற்றிலும் கேட்கிறது. படைவீட்டு ராஜ்ஜிய காலத்தில் தறி அரசுக்கு வருமானம் தருகிற பொருள். தறிக்கு இத்தனை என்று வாங்கிய தறியிறை அக்காலக் கல்வெட்டுகளில் சாதாரணமாக வருகிறது. விரிஞ்சிபுரத்திலும் காஞ்சிபுரத்திலும் இருந்த கைக்கோளர்கள் பல்லக்கு ஏறவும் சங்கு ஊதவும் உரிமை பெற்றிருந்தார்கள். அதே உரிமை எங்களுக்கும் வேண்டும் என்று வேறு ஊர்க் கைக்கோளர்கள் கேட்டு வாங்கினார்கள். இவ்வளவும் கல்வெட்டு சொல்வது. அதாவது வரி வாங்கியவரும் தானம் கொடுத்தவரும் எழுதிவைத்த பக்கம்.

நெய்தவர் பக்கத்தை மண்தான் வைத்திருக்கும். கொடுமணலிலும் கீழடியிலும் நூல் நூற்ற தக்களிகள் கிடைத்தன. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் தோண்டியபோது வெளிப்பட்ட செங்கல் தொட்டிகளைத் துணிக்குச் சாயம் தோய்த்தவை என்று கருதினார். ரோமாபுரிக்குக் கப்பலேறிய மஸ்லின் பற்றிய பேச்சு அதிலிருந்து வலுத்தது. படவேட்டு வயலுக்குக் கீழே ஒரு வீட்டுத் தரை கிடைத்து, அதில் ஆள் கால் தொங்கப்போட்டு உட்காருகிற அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தால், தொல்லியல் பட்டம் வாங்கியவர் யோசிப்பதற்குள் ஆரணி நெசவாளி சொல்லிவிடுவார், அது குழித்தறி என்று.

சிக்கல் வயலில்தான் இருக்கிறது. வண்டல் படிந்த மண், மலைத் தண்ணீர். படவேட்டு வாழை பேர் போனது. எந்தப் பக்கம் திரும்பினாலும் தோப்பு. குலை தள்ளி நிற்கிற வாழையை வெட்டிவிட்டுக் குழி போடச் சம்மதிக்கும்படி ஒரு விவசாயியிடம் கேட்பது நியாயமும் இல்லை, நடக்கிற காரியமும் இல்லை. தரையைக் கிழிக்காமலே அடியில் சுவர் இருக்கிறதா என்று காட்டுகிற ரேடார் கருவிகள் இப்போது இருக்கின்றன. அறுவடை முடிந்து அடுத்த கன்று நடுவதற்கு முந்தைய இடைவெளியில், நியாயமான குத்தகை கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம். கீழடியில் தென்னந்தோப்புக்குள் நடந்தது கிட்டத்தட்ட அப்படித்தான்.

அதுவரை போகிறவர்கள் கோயில்களைத்தான் பார்க்க முடியும். ஆரணியிலிருந்து சந்தவாசல் போய், அங்கிருந்து மலைப் பக்கம் திரும்ப வேண்டும். ஆடி வெள்ளிகளில் போனால் கூட்டத்தைத்தான் பார்க்கலாம். சரித்திரம் பார்க்கத் தை, மாசி மாதங்கள் தோது. ரேணுகாம்பாள் கோயில் தவிர மற்றவற்றில் கதவு திறந்திருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. அர்ச்சகர் வீட்டை விசாரித்து உச்சி வேளைக்கு முன்பே பிடித்துவிட்டால் சாவியோடு கூடவே வருவார். தட்டில் ஏதாவது போட மறக்க வேண்டாம். யோக ராமரையும் அம்மையப்பரையும் முதலில் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்த பின் மற்றவை. இன்னொரு நாள் ஒதுக்க முடிந்தால், கண்ணமங்கலம் வழியாக வேலூர் போய், அங்கிருந்து மேற்கே விரிஞ்சிபுரம் வழித்துணைநாதர் கோயிலில் அந்த 1425ஆம் ஆண்டுக் கல்வெட்டைத் தேடலாம். கோட்டை மலை ஏறுகிறவர்கள் காலை ஏழு மணிக்குள் அடிவாரத்தில் இருந்தால் நல்லது. குடிதண்ணீரைக் கீழேயிருந்தே எடுத்துப் போக வேண்டும்.